கிளச் பிளேட்டில் ஒயில்: ஒரே கியர் பொக்ஸை இரண்டு தரம் இறக்கிய கதை

இதில் முதல் தடவை பிழை விட்டது எங்கள் கராஜ்தான். வேறு யாரோ செய்த வேலையை நாங்கள் திருத்திக் கொடுத்தோம் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. எஞ்சினின் சுழற்சியை உராய்வால் கியர் பொக்ஸுக்குக் கொடுக்கிற கிளச் பிளேட்டில் ஒயில் பட்டிருந்தது. அது எந்த ஒயில் என்று சரியாகப் பார்க்காமல் ஒயில் கசியாமல் தடுக்கிற இறப்பர் வளையமான சீல் ஒன்றை மாற்றி அனுப்பினோம், ஏழு கிழமையில் வண்டி திரும்பி வந்தது. எதைப் பார்த்தோம், எதைப் பார்க்காமல் விட்டோம் என்பதை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

வண்டியும் அதன் ஓட்டமும்

டொயோட்டா டொல்பின் வான். மொடல் எல்எச் 113, 2779 சிசி 3எல் டீசல் எஞ்சின், ஐந்து கியர். உரிமையாளரே சாரதி, வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் வந்து மட்டக்களப்பு டவுனில் இறக்குவார், மத்தியானம் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார், சனி ஞாயிறில் ஹயர் ஓடுவார். எங்கள் கராஜ் ஆரையம்பதிப் பக்கம் என்பதால் அவர் போகிற வழியிலேயே இருக்கிறது. இந்த ஓட்டத்தில் ஏற்றம் என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை, பாலத்தில் ஏறுவதுதான் ஆகப் பெரிய ஏற்றம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கிளச்சின் குறை இவ்வளவு நாள் ஒளிந்திருந்ததற்கு இது ஒரு காரணம்.

இரண்டு சங்கதிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆனால் எங்களுக்கு இவை வண்டி திரும்பி வந்த மார்ச்சில்தான் தெரியவந்தன, ஏனென்றால் முதல் தடவை வந்த ஜனவரியில் நாங்கள் கேட்கவில்லை. ஒன்று, உப்புக் காற்றில் அடிப்பக்கம் கறள் கட்டுகிறது என்று 2024 ஓகஸ்ட்டில் ஓர் இடத்தில் வண்டியின் அடி முழுக்கக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருக்கிறார். மற்றது, அந்த வருடம் நவம்பர் கடைசிக் கிழமை வந்த வெள்ளம். தாழ்ந்த பக்கத்து வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டிருக்கிறார், நாலாவது நடையில் தண்ணீர் மிதிபலகைக்கு வந்துவிட எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, உழவு மெசின் வந்து இழுக்கும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீருக்குள்ளேயே நின்றிருக்கிறார். வெள்ளம் வடிந்ததும் எஞ்சின் ஒயிலை மாற்றினார், எயார் பில்டரை மாற்றினார். கியர் ஒயிலை யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஜனவரி: முதல் தடவை

பொங்கல் முடிந்த கிழமை வந்தார். "தம்பி, முதல் கியர்ல எடுக்கேக்க வண்டி உதறுது. பாலத்துல ஏறேக்க எஞ்சின் சத்தம் ஏறுது, ஓட்டம் ஏறுதில்ல" என்றார். முதலில் உதறல், பிறகு வழுக்கல். ஒயில் பட்ட கிளச் பெரும்பாலும் இந்த ஒழுங்கில்தான் குறையைக் காட்டும். பிளேட்டின் ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் உலர்வு என்று இருக்கும்போது அது பிடித்துப் பிடித்து விடுகிறது, ஒயில் ஊறி முடிந்தபின்தான் முழுசாக வழுக்கும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாம் கியரில் போட்டுக் கிளச்சை மெல்ல விட்டுப் பார்த்தோம். நல்ல கிளச் என்றால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். இது நிற்கவில்லை, இரண்டு மூன்று செக்கன் சுற்றிக்கொண்டே இருந்து, கருகிய மணம் வந்தபிறகுதான் நின்றது. பெடலில் சும்மா இறங்கும் இடைவெளி இருந்தது, அதனால் கிளச் எப்போதும் மிதிபட்டபடியே இருக்கிறதோ என்ற சந்தேகம் போய்விட்டது. கிளச் எண்ணெய்ப் போத்தலில் அளவும் குறையவில்லை, இந்த வானில் கிளச்சை இழுக்கிற கீழ் சிலிண்டர், கிளச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்கு வெளியேதான் இருக்கிறது, அங்கும் ஈரமில்லை.

சரி என்று கியர் பொக்ஸை இறக்கினோம். பெல் ஹவுசிங்குக்குள்ளே கறுப்பாக ஈரம், பிளேட்டில் எண்ணெய் மினுக்கம். விரலில் தொட்டேன், மை போலக் கறுப்பு. டீசல் எஞ்சின் ஒயில்தான் இப்படிக் கறுக்கும், வண்டியும் பழசு, எஞ்சின் ஒயிலைப் பின்பக்கத்தில் தடுத்து வைத்திருக்கும் கிராங்கின் பின் சீல் போயிருக்கும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டேன். வேலை பழகுகிற பொடியனிடம் "கழுவடா" என்றேன், அவன் எல்லாவற்றையும் கழுவிவிட்டான். அந்தக் கழுவலோடு சாட்சியும் போனது.

பின் சீல், கிளச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் நான்கும் புதிது போட்டோம். கியர் பொக்ஸின் முன் சீலை, அதாவது கிளச்சிலிருந்து கியர் பொக்ஸுக்குள் போகும் தண்டான இன்புட் சாப்டைச் சுற்றியிருக்கும் சீலை, விரலால் தடவிப் பார்த்தேன். இறப்பர் இறுகிப் போகவில்லை, மெத்தென்றுதான் இருந்தது. அந்த அளவுச் சீல் பக்கத்துச் சாமான் கடையில் இருக்கவில்லை, டவுனுக்குப் போய்த் தேட வேண்டும், அடுத்த நாள் காலை பிள்ளைகளை ஏற்ற வேண்டும். விட்டுவிட்டேன். பிளேட்டின் விலையில் இருபதில் ஒரு பங்கு கூட வராத சாமான் அது.

கல்லடிப் பாலம் வரை ஓடிப் பார்த்தோம், நன்றாக எடுத்தது. அனுப்பிவிட்டோம்.

மார்ச்: லுணுகலை ஏற்றம்

மார்ச் முதல் கிழமை, ஒரு ஞாயிறு. பதுளைக்குப் பெண் பார்க்கப் போகிற குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார், பிள்ளை குட்டிகளோடு 11 பேர். செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியால் மகாஓயா, பிபிலை வரை ஒரு குறையும் இல்லை. பிபிலை தாண்டி லுணுகலைக்கு ஏறத் தொடங்கியதும் எஞ்சின் கத்துகிறது, வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. ஆட்கள் பட்டுச்சேலையோடு இறங்கி வளைவு வளைவாக நடந்திருக்கிறார்கள். வெறும் வானே ஏற மறுத்த இடத்தில் திருப்பிவிட்டார். அந்தக் குடும்பம் வேறு வண்டி பிடித்துப் போனது, இவர் ஏற்றத்திலிருந்து கீழே இறங்கி இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் கேற்றில் நின்றார்.

ஒன்றும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நீ போட்ட சாமான் ரெண்டாயிரம் கிலோமீற்றர்கூட ஓடலயே தம்பி" என்றார், அவ்வளவுதான்.

இறக்கும் முன் பார்த்தது

இந்த முறை ஸ்பானரைத் தொடும் முன் பெல் ஹவுசிங்கின் கீழ்த் துவாரத்துக்கு நேராக ஒரு வெள்ளை கார்ட்போட் மட்டையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் மட்டையில் நாலைந்து பொட்டு, நடுவில் கறுப்பு, ஓரத்தில் மண்ணிறமாகப் பரவியிருந்தது. மூக்கிடம் கொண்டுபோனேன். கூழ்முட்டை மணம். கியர் ஒயிலில் சேர்க்கிற கந்தகச் சேர்மானத்தின் மணம் அது, எஞ்சின் ஒயிலுக்கு அந்த மணம் வராது. கறுப்பு என்பது பிளேட்டிலிருந்து கருகி உதிர்ந்த தூள். ஜனவரியிலும் இதே தூள்தான் என்னை ஏமாற்றியிருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. ஜனவரியில் கழுவும் முன், உரிமையாளருக்கு அனுப்புவதற்காகப் பொடியன் தன் போனில் இரண்டு படம் எடுத்திருந்தான். அதைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். எஞ்சினின் பின்பக்கம், பின் சீலுக்குக் கீழே, காய்ந்த புழுதி. ஒரு கோடு ஈரம் இல்லை. ஆனால் கியர் பொக்ஸ் பக்கத்தில், ரிலீஸ் பேரிங் ஓடுகிற குழாய் முழுக்க நனைந்து, அதிலிருந்து வெளிப்பக்கமாகச் சிதறல் கோடுகள். எஞ்சினிலிருந்து கசிந்தால், எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான பிளைவீலின் முதுகுப் பக்கம் வழிந்து அதன் விளிம்பால் தெறிக்கும், கியர் பொக்ஸிலிருந்து கசிந்தால் சாப்ட் வழியே வந்து பிளேட்டின் நடுவிலிருந்து வெளியே விசிறும். படத்தில் இருந்தது இரண்டாவது. ஏழு கிழமையாக விடை அவனுடைய போனுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

சரி, முன் சீல்தான். ஆனால் கியர் ஒயில் அளவைப் பார்க்கப் பக்கவாட்டுத் துவாரத்தை அடைக்கும் தட்டையைக் கழற்றியபோது கதை வேறு பக்கம் திரும்பியது. மட்டமான இடத்தில் நிற்கும் வண்டியில் ஒயில் அந்தத் துவாரத்தின் கீழ் விளிம்பு மட்டும்தான் நிற்க வேண்டும், இத்தனை நாள் கசிந்த பெட்டியில் விரலை மடக்கி விட்டால்கூடத் தொடக் கூடாது. இதில் தட்டை கழன்றதும் கொட்டத் தொடங்கியது. குறைந்திருக்க வேண்டிய ஒயில் கூடியிருந்தது. உடனே தட்டையைப் பூட்டிவிட்டு, அன்று முழுக்க வண்டியை அசைக்காமல் விட்டு, அடுத்த நாள் காலை அடித் தட்டையைத் திறந்தோம். முதலில் வந்தது தண்ணீர். கால் கிளாஸுக்குக் கிட்ட, கலங்கலாக. அதற்குப் பிறகு பால் தேத்தண்ணி நிறத்தில் கெட்டியாக ஒரு திரவம். மொத்தமாக இரண்டரை லீற்றருக்கு மேல் வடிந்தது, இந்தப் பெட்டிக்கு இரண்டேகாலுக்குக் கிட்டத்தான் போகும். சந்தேகம் தீர ஒரு சொட்டை அடுப்பில் காய்ந்த தகட்டில் விட்டேன், கடுகு வெடிப்பதுபோலப் படபடவென்று வெடித்தது. தண்ணீர் இல்லாத ஒயில் புகைக்கும், இப்படி வெடிக்காது.

அப்போதுதான் அவரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

திறந்தபோது

பிளேட் இரண்டு பக்கமும் ஊறிப்போயிருந்தது, கனம் நிறைய மிச்சம். பிரஷர் பிளேட்டில் லேசான நீல நிறம், வெடிப்பு இல்லை. பிளைவீல் முகத்தில் மூன்று இடத்தில் சூட்டுத் தழும்பு. பிளைவீலைக் கழற்றி ஜனவரியில் போட்ட பின் சீலைப் பார்த்தோம், ஈரமில்லாமல் இருந்தது.

முன் சீலைக் குத்தி எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்ததில், சாப்டைத் தொட்டபடி இருக்கும் அதன் உதட்டில் மெல்லிய கீறல்கள், இரண்டு இடத்தில் மணல் துகள் பதிந்திருந்தது. அதை விடப் பெரிய சாட்சி உதட்டுக்குப் பின்னால் இருக்கும் மயிர் போன்ற சுருள் கம்பி. அது பெட்டிக்குள் பார்த்தபடி, எப்போதும் ஒயிலில் நனைந்தபடி இருக்கிற கம்பி. அதில் கறள் பிடிக்கவே கூடாது. சிவக்கச் சிவக்கக் கறள் பிடித்திருந்தது. இறப்பர் மெத்தென்று இருந்ததை மட்டும் பார்த்துவிட்டு ஜனவரியில் நான் நல்ல சீல் என்று சொல்லியிருக்கிறேன்.

சாப்டில் சீல் ஓடிய தடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், ஒரு மயிரளவு தட்டியது. சாப்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்ததில் ஆட்டமில்லை, கையால் சுற்றினால் பேரிங்கில் கரகரப்பும் இல்லை. இது முக்கியம். பேரிங் தேய்ந்து சாப்ட் ஆடினால் எத்தனை புதுச் சீல் போட்டாலும் நிற்காது.

மூச்சு

தழும்பை எடுக்கப் பிளைவீலைக் காத்தான்குடியில் உலோகம் கடையும் லேத் வைத்திருக்கும் ஒரு காக்காவிடம், அதாவது முஸ்லிம் அண்ணரிடம், கொண்டுபோனேன். எழுபதுக்குக் கிட்ட வயது, பாதி நாள் கடைக்கு முன்னால் கதிரையில்தான் இருப்பார், வேலையை மகன் பார்க்கிறார். தண்ணீர் எப்படிச் சீலைத் தாண்டிப் போனது என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, அதைச் சொன்னேன். பிளைவீலைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "சீலப் பாத்தீங்க சரி தம்பி, அந்தப் பொக்ஸ் மூச்சு விடுதான்னு பாத்தீங்களா? மூக்க அடைச்சா வாயாலதானே விடும்."

ஓடிவந்து பார்த்தேன். கியர் பொக்ஸின் மேல் பக்கத்தில் ஒரு சின்னத் தொப்பி போல, காற்றுப் போய்வருகிற பிரீதர் இருக்கிறது, விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. தொப்பியும் அடியும் ஒன்றாகி, மேலே அண்டர்கோட் தடிப்பாகப் படிந்து, அதற்கு மேல் சேறு காய்ந்திருந்தது. கத்தியால் சுரண்டிக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன், காற்றுப் போகவில்லை.

இப்போது எல்லாம் ஒரு கோட்டில் வந்தது. கியர் பொக்ஸ் ஓட ஓடச் சூடாகும், உள்ளிருக்கும் காற்று விரியும், அந்தக் காற்று பிரீதரால் வெளியே போகும். வண்டி ஆறும்போது அதே வழியால் காற்று உள்ளே வரும். ஓகஸ்ட்டில் அந்த வழி அடைபட்டது. நவம்பரில் சூடான பெட்டி வெள்ளத்தில் ஒரு மணித்தியாலம் நின்று குளிர்ந்தபோது உள்ளே காற்றுச் சுருங்கி உறிஞ்சத் தொடங்கியது. சீலின் உதடு உள்ளே இருக்கும் ஒயிலை வெளியே விடாமல் தடுக்கத்தான் அமைந்தது, வெளித் தண்ணீர் உள்ளே வருவதைத் தடுக்க அதற்குப் பெரிதாகத் தெரியாது. சேற்றுத் தண்ணீர் உதட்டைத் தாண்டி உள்ளே போனது, மணல் உதட்டைக் கீறியது, தண்ணீரால் அளவும் கூடியது. பிறகு வண்டி ஓடும் ஒவ்வொரு தரமும் சூட்டில் காற்று விரிந்து, போக வழியில்லாமல், கீறல் விழுந்த சீலால் ஒயிலைத் தள்ளியது. பள்ளிக்கூட ஓட்டத்தில் பெட்டி பெரிதாகச் சூடாகாது, கசிவும் சொட்டுத்தான். பிபிலை வரை சூடேறி, 11 பேரோடு ஏற்றம் ஏறியபோது பிளேட் குளித்துவிட்டது.

போட்டதும் போடாததும்

உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது. "பிளேட் புதுசுதானே, பெற்றோல் ஊத்தி எரிச்சுப் போட்டுப் போடேலாதா?" அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நானும் முன்பு செய்திருக்கிறேன். மேலே இருப்பது எரிந்து போகும், ஆனால் பிளேட்டின் உராய்வுப் பகுதி பஞ்சு போல, உள்ளே ஊறியது கிளச் சூடாகும்போது மெல்ல மேலே வரும். அதோடு எரிக்கிற சூட்டில் பிளேட் வளையலாம், அதை ஒட்டி வைத்திருக்கிற பசையும் பலவீனமாகும். சொந்த வயலுக்குள் உரம் ஏற்றுகிற வண்டி என்றால் அவர் விருப்பம் என்று விட்டிருப்பேன். இது பிள்ளைகள் ஏறுகிற வான், பாலத்தின் நடுவில் நிற்கக் கூடாது. புதுப் பிளேட் என்று முடிவெடுத்தோம்.

பிரஷர் பிளேட்டை வைத்துக்கொண்டோம். உலோகம் ஒயிலைக் குடிக்காது. தின்னரால் கழுவி, எமரித் தாளால் தேய்த்து, நேர் விளிம்புச் சட்டத்தை முகத்தில் வைத்து இடைவெளி பார்த்தோம், வளைவு இல்லை. பிளைவீலை லேத்தில் தழும்பு போகும் அளவு மட்டும், 0.3 மில்லிமீற்றர், எடுத்தோம். ரிலீஸ் பேரிங்கைக் கழுவவில்லை, கழுவினால் உள்ளே இருக்கும் கிறீஸ் போய்விடும். துடைத்துச் சுற்றிப் பார்த்துச் சத்தமில்லாததால் அதையே போட்டோம். இன்றைக்கு நினைத்தால் அதையும் மாற்றியிருக்கலாம்.

முன் சீலை இந்த முறை டவுனில் இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கினேன். பழைய இடத்திலேயே அடித்தால் உதடு அந்த நகம் தட்டுகிற தடத்தில்தான் ஓடும். அதனால் ஒன்றரை மில்லிமீற்றர் ஆழம் குறைத்து நிற்பாட்டினேன், உதடு தேயாத இடத்தில் உட்கார்ந்தது. சாப்டின் பற்களில் உதடு கிழியாமல் இருக்கப் பற்களுக்கு மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாளைச் சுற்றி, உதட்டில் கிறீஸ் தடவி ஏற்றினோம்.

பெட்டிக்குப் புது ஒயில் விட்டு, சில்லுகளைத் தூக்கிவைத்துப் பத்து நிமிடம் கியர் மாற்றி மாற்றி ஓடவிட்டு வடித்தோம், இன்னும் மங்கலாக வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறைதான் வைப்பதற்கென்று 75டபிள்யூ-90 கியர் ஒயில் விட்டோம். பிரீதர் புதிது. பின் அச்சில் இருக்கும் டிபரன்சல் கியர்ப் பெட்டியையும் திறந்தோம், அதற்குள்ளும் பால் நிறம், ஆனால் அதன் பிரீதர் திறந்திருந்ததால் சீல்கள் தப்பியிருந்தன. அந்த ஒயிலும் மாற்றப்பட்டது.

கணக்கு: கூலி வாங்கவில்லை. பிளேட்டின் விலையில் பாதி நான், பாதி அவர். ஒயில்களும் லேத் கூலியும் அவருடையது, வெள்ளம் எங்களால் வரவில்லையே. மூன்று நாள் பள்ளிக்கூட ஓட்டத்துக்கு அவருடைய மைத்துனரின் வானைப் பேசிக் கொடுத்தார், அந்த நட்டத்தில் பங்கு தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு

300 கிலோமீற்றரில் கூப்பிட்டு மட்டை வைத்துப் பார்த்தோம், பொட்டு இல்லை. ஆனால் மட்டக்களப்பில் ஓடிப் பார்த்து கிளச் நல்லது என்று சொல்வதில் எனக்கு அப்போது நம்பிக்கை இல்லை. ஏப்ரலில் புத்தாண்டு முடிந்ததும் அதே குடும்பம், இந்த முறை நாள் குறிக்க, அதே வானில் பதுளைக்குப் போனது. லுணுகலை, பசறை தாண்டி நிற்காமல் ஏறியிருக்கிறது. பதுளையிலிருந்து கோல் எடுத்து, "ஒருத்தரும் இறங்கல தம்பி" என்றார்.

ஒக்டோபரில், மாரி தொடங்கும் முன், கியர் ஒயிலைத் திறந்து பார்த்தோம். அளவு துவாரத்தின் விளிம்பில், நிறம் தேன். பெல் ஹவுசிங் துவாரத்தில் புழுதி மட்டும்.

இனி மாற்றிச் செய்வது

கிளச் வழுக்குகிறது என்று வருகிற எந்த வண்டியிடமும் இப்போது முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறேன். எந்த வெள்ளம், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் நின்றது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள். எங்கள் மாவட்டத்தில் இதைக் கேட்காமல் வண்டி பார்க்கிறது என்பது காய்ச்சல்காரனிடம் எத்தனை நாள் என்று கேட்காமல் மருந்து கொடுப்பது போலத்தான். அடிக்கு அண்டர்கோட் அடித்திருந்தால் பிரீதர்களை விரலால் சுற்றிப் பார்க்கிறோம், கியர் பொக்ஸ் இறங்கினால் முன் சீலும் பின் சீலும் இரண்டுமே மாறுகின்றன, கடையில் இல்லை என்றால் வண்டி ஒரு நாள் காத்திருக்கும்.

நிறத்தை நம்புவதை விட்டுவிட்டேன். மணந்து பார்க்கிறேன், எந்தப் பக்கம் ஈரம், எந்தப் பக்கம் புழுதி என்று பார்க்கிறேன். பெல் ஹவுசிங்கை இப்போது கழுவும் முன் ஆறு ஏழு படம் எடுப்பது பொடியனின் வேலை. பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம் என்பதால் தூளைக் காற்றடித்து ஊதுவதில்லை, ஈரத் துணிதான். அந்தத் துணியை நான் அவசரப்பட்டுக் கையில் எடுத்தால் அவன் "பொறுங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டு போனை எடுக்கிறான்.